கண்டக்டர் அண்ணாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆறாவது செமஸ்டர் மினி புராஜெக்ட். நாங்கள் நாலு பேர். எடுத்த தலைப்பு வருஷா வருஷம் யாராவது ஒரு டீம் எடுக்கிற தலைப்புதான்: பேருந்து தாமதத்தைக் கணிப்பது. மூன்று வாரம் ஒரே வழித்தடத்தில் மாறி மாறிப் பயணம் செய்து, போனில் ஜி.பி.எஸ். பதிவு எடுத்தோம். அதை வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது, ஒரு நிறுத்தத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகள் குவிந்து கிடந்தன. இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே பஸ் இரண்டு, மூன்று நிமிடம் சும்மா நிற்கிறது. சிக்னல் கிடையாது. கூட்டமும் கிடையாது. நாங்கள் என்ன செய்தோம்? அதற்கு "காரணமில்லாத தாமதம்" என்று பெயர் வைத்தோம். அதை நீக்கினால் ஒரு நடைக்கு எவ்வளவு நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அழகாக ஒரு ஸ்லைடும் தயார் செய்தோம்.

கடைசி நாள், சும்மா பேச்சுவாக்கில் என் நண்பன் கண்டக்டரிடம் கேட்டான். "அண்ணா, இங்க மட்டும் ஏன் இவ்ளோ நேரம் நிக்குது?"

"தம்பி, இப்ப டிரெயின் வர்ற நேரம். அதுல இறங்கி ஓடி வர்றவங்க இந்த வண்டிய விட்டா அடுத்தது முக்கா மணி நேரம். படி ஏறி, படி இறங்கி, ரோடு தாண்டி வரணும்ல? ரெண்டு நிமிஷம் ஆவும். நிக்காம போனா எப்படி?"

"இது டைம் ஷீட்ல இருக்கா?"

"அதுல எங்க இருக்கு? லேட்டுன்னு கேட்டா நாங்கதான் பதில் சொல்லணும்."

அவர் சொல்லி முடித்ததும், படியில் இரண்டு பெண்கள் மூச்சு வாங்க ஏறினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நாங்கள் தவறு என்று குறித்து வைத்திருந்த அந்த இரண்டு நிமிடம்தான், அந்த வழித்தடத்தில் ரயிலையும் பஸ்ஸையும் சேர்த்துவைத்த ஒரே விஷயம். அதைத் திட்டம் போட்டவர் எந்த அலுவலகத்திலும் இல்லை. தோள்பையோடு படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். பஸ், ரயில், மெட்ரோ, ஆட்டோ எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். அவற்றை நாள்தோறும் ஓட்டுகிறவர்களை அந்தத் திட்டம் போடும் மேசையில் உட்காரவைக்காமல் இணைப்பு நடக்காது. உட்காரவைப்பது என்றால், எல்லாம் முடிந்தபிறகு "கருத்து கேட்பது" இல்லை. கோடு வரையும்போதே கேட்பது; கேட்டதற்குப் பதில் சொல்வது.

டிக்கெட் ஒன்றானது, மற்றதெல்லாம்?

முதலில் சென்னையின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பெரிய நகரங்களில் எல்லாப் போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரே அமைப்பு வேண்டும் என்றது. தமிழ்நாடு 2010-ல் அதற்குச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாக 'கும்டா'. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். ஆட்டோவும் கேபும் அதிலேயே பிடிக்கலாம்.

நல்ல விஷயம். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இணைப்பு என்பதில் மூன்று அடுக்கு இருக்கிறது. ஒன்று டிக்கெட். இரண்டாவது நேரம்: ரயில் வந்தால் பஸ் இருக்க வேண்டும். மூன்றாவது இடம்: ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற, மழையில் நனையாமல், உயிரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டாமல் போக முடிய வேண்டும். முதல் அடுக்கை நம்மை மாதிரி ஆட்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதிவிடலாம். மற்ற இரண்டையும் அப்படி எழுத முடியாது.

கிளாம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 400 கோடி ரூபாயில் கட்டிய பேருந்து முனையம். 2023 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப்பக்கம் தண்டவாளம், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. ஆனால் திறந்த நாளில் அந்த ரயில் நிற்க அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை. ரயிலில் வருகிறவர் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, வேறொரு வண்டி பிடித்துத்தான் முனையத்துக்கு வர வேண்டும். ஸ்டேஷனும் அதற்கான நடைமேம்பாலமும் பிறகு தனியாகத் தொடங்கின.

நிலம், ரயில்வே அனுமதி, பணம் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. திருச்சியிலிருந்து இரவு முழுக்க வண்டி ஓட்டிவந்து அதிகாலையில் பயணிகளை இறக்கிவிடும் டிரைவரிடம் "இங்கே இறங்கினவங்க அடுத்து எங்கே போவாங்க?" என்று கேட்டிருந்தால், அவர் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கட்டடத்தோடு ஸ்டேஷனும் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிய எந்தச் சர்வேயும் தேவையில்லை.

மெஷினுக்குத் தெரியாதது

"இப்பத்தான் எல்லா டேட்டாவும் இருக்கே, எதுக்குப் போய்க் கேக்கணும்?" என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஜி.பி.எஸ். ஒரு பஸ் எங்கே நின்றது என்று சொல்லும். ஏன் நின்றது என்று சொல்லாது. டிக்கெட் மெஷின் எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லும். ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டவர்களை எண்ணாது. அவர்களைப் பார்ப்பவர் ஒருவர்தான்: படியில் நின்று "இடம் இல்ல, பின்னாடி வண்டி வருது" என்று சொல்கிற கண்டக்டர். அப்படிச் சொல்லும்போது பின்னால் நிஜமாகவே வண்டி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும்.

இன்னும் பாருங்கள். மழை பெய்தால் எந்த நிறுத்தத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அதனால் மக்கள் எங்கே தள்ளி நிற்பார்கள் என்பது டிரைவருக்குத் தெரியும். எந்தத் திருப்பத்தில் நீளமான வண்டி திரும்பாது, எந்த நிறுத்தத்தில் ஆட்டோவும் கடைகளும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பஸ் நடுரோட்டிலேயே நிற்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். தாழ்தளப் பேருந்து வாங்குகிறோம்; சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏற வேண்டும் என்றால் வண்டி நடைமேடையை ஒட்டி நிற்க வேண்டும். எந்தெந்த நிறுத்தத்தில் அப்படி ஒட்டி நிறுத்தவே முடியாது என்ற பட்டியல் எந்த அலுவலகத்தில் இருக்கிறதோ, டிரைவர் தலைக்குள் நிச்சயம் இருக்கிறது.

வரைபடத்தில் 'டெர்மினஸ்' என்று நாம் ஒரு வட்டம் போடுகிறோம். அங்கே கழிவறை உண்டா, தண்ணீர் உண்டா, பத்து நிமிடம் உட்கார இடம் உண்டா? இது தொழிலாளர் நலப் பிரச்சினை, திட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும். அப்படி இல்லை. கழிவறை இல்லாத முனையத்தில் வண்டி குறித்த நேரத்தில் திரும்பாது. டிரைவர் எங்கேயாவது தேடிப் போய் வர வேண்டும். பெண் கண்டக்டர் என்றால் நிலைமை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாமதமும் நம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத்தான் வந்து விழும்.

யாரும் வரையாத வழித்தடம்

அடுத்து, ஷேர் ஆட்டோ. நம்மில் பாதிப் பேர் அதில்தான் கல்லூரிக்கு வருகிறோம். அரசுக் கணக்கில் அதற்கு வழித்தடம் கிடையாது, நிறுத்தம் கிடையாது, அட்டவணையும் கிடையாது. ஆனால் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எவ்வளவு காசு என்று நம் எல்லோருக்கும் தெரியும். எப்படி வந்தது இந்த வழித்தடம்? ஸ்டேஷனில் இறங்கியவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, லாபம் நஷ்டம் பட்டு, டிரைவர்களே வரைந்தது. போக்குவரத்துப் பொறியியலில் இதற்குப் பெயர் தேவை மதிப்பீடு. அதை நாம் மாடலில் செய்கிறோம். அவர்கள் டீசல் காசில் செய்தார்கள்.

2013-ல் சென்னையில் மாநகரச் சிற்றுந்துகள் வந்தன. பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களிலிருந்து ரயில், பஸ் நிலையங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்ப்பது நோக்கம். நல்ல நோக்கம். இனி இப்படி ஒரு இணைப்புச் சேவை தொடங்கும்போது, அந்தத் தெருக்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷேர் ஆட்டோக்காரர்களைப் போட்டியாளர்களாகப் பார்ப்பதா, வழி தெரிந்தவர்களாகப் பார்ப்பதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரம் என்றால், மெட்ரோ இரண்டாம் கட்டம். 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். பழைய மாமல்லபுரம் சாலை, பூந்தமல்லிப் பக்கம் என்று ஷேர் ஆட்டோ அதிகம் ஓடும் சாலைகள் வழியாகவே அவை போகின்றன. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் பஸ் எங்கே நிற்கும், ஆட்டோ எங்கே நிற்கும், நடந்து வருகிறவர் எந்தப் பக்கம் வருவார் என்ற கேள்வி இருக்கிறது. கான்கிரீட் போட்டபிறகு "ஐயோ, பஸ் ஸ்டாப் முந்நூறு மீட்டர் தள்ளிப் போச்சே" என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

அவர்கள் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். தொழிலாளியிடம் தகவல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வோம் என்று மட்டும் யோசித்தால் அது இன்னொரு சுரண்டல். அவர் பக்கம் நின்று பாருங்கள்.

"வழித்தடங்களைச் சீரமைக்கிறோம்" என்றால் அவர் காதில் விழுவது "நடை குறையும், ஆள் குறையும்." க்யூஆர் டிக்கெட் என்றால் நமக்கு வசதி, கண்டக்டருக்கு "இனி நான் எதுக்கு?" என்ற கேள்வி. அடுத்தது மின்சாரப் பேருந்து. சென்னையில் 2025-ல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் வந்தவை. வண்டியும் டிரைவரும் தனியார் நிறுவனத்துடையது. ஓடும் கிலோமீட்டருக்கு அரசுக் கழகம் பணம் தரும். கண்டக்டர் மட்டும் கழகத்து ஆள். ஒரே வண்டியில் இரண்டு முதலாளிகள். அந்த டிரைவருக்கு ஒரு வழித்தடத்தைப் பற்றி ஏதாவது தெரிந்தால் யாரிடம் சொல்வார்? நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் காத்திருந்தால் அவருடைய நிறுவனத்துக்கு அபராதம் வருமா, வராதா? ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரிதான், ரயிலிலிருந்து ஓடிவரும் இரண்டு பெண்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவார்கள் என்று தீர்மானிக்கும்.

ஆட்டோக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஆட்டோக் கட்டணத்தை அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதன்பிறகு பத்து வருஷம் தாண்டியும் அது திருத்தப்படவில்லை. அந்த இடைவெளியில் பெட்ரோல், எரிவாயு, உதிரிப் பாகம், வீட்டு வாடகை எல்லாம் என்ன ஆனது என்று உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். மீட்டர் ஏன் ஓடவில்லை என்று நாம் கோபப்படுகிறோம், நியாயம்தான். மீட்டரில் உள்ள எண்ணை யார், யாரிடம் கேட்டுப் போட்டார்கள், ஏன் மாற்றவில்லை என்றும் கோபப்பட வேண்டும்.

நேரம் பற்றியும் ஒன்று. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. ஒரு புதிய அட்டவணை போடும்போது, நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகும் நடையை ஒன்றேகால் மணி என்று காகிதத்தில் எழுதினால், மிச்சம் பதினைந்து நிமிடம் காணாமல் போவதில்லை. டிரைவரின் சாப்பாட்டு நேரத்திலிருந்து போகிறது.

ஆகவே அவர்களை அழைக்கிறோம் என்றால் கூடவே இரண்டு உறுதி தர வேண்டும். சொன்னதற்காக மெமோ வராது; திட்டத்தால் வேலை போகாது, மாறினால் மாற்று வேலையும் பயிற்சியும் உண்டு. கண்டக்டர் வேலை டிக்கெட் கிழிப்பதோடு முடிவதில்லை. "மெட்ரோவுக்கு எங்க இறங்கணும்?" என்று கேட்கிற வயதான அம்மாவுக்கு இன்றைக்கும் இணைப்புச் செயலி அவர்தான்.

நடந்திருக்கிறது

இது கனவு இல்லை. பக்கத்திலேயே பெங்களூரில் 'நம்ம யாத்ரி' இருக்கிறது. 2022-ல் வந்த ஆட்டோ செயலி. ஒரு மென்பொருள் நிறுவனமும் அங்குள்ள ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒவ்வொரு சவாரியிலும் கமிஷன் பிடிப்பதற்குப் பதிலாக, டிரைவர் ஒரு நாளைக்குச் சிறு தொகை கட்டினால் போதும். பயணி தரும் கட்டணம் முழுதும் டிரைவருக்கே. இதை முன்னெடுத்தது சாதாரண யோசனை ஒன்று: சண்டை கமிஷனில்தான் என்றால் முதலில் அதை எடுத்துவிடு. டிரைவர்களிடம் கேட்டவர்களுக்குத்தான் அது தோன்றும். அதன் மென்பொருள் திறந்த மூலம். நம் கணினித் துறை நண்பர்கள் உள்ளே போய்ப் படிக்கலாம்.

கொஞ்சம் தூரமாகப் போனால் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க். அந்த ஊரின் ஷேர் ஆட்டோ, மினிபஸ் டாக்ஸி. 2010 உலகக் கோப்பைக்கு முன்னால் 'ரேயா வாயா' என்ற விரைவுப் பேருந்தை நகராட்சி கொண்டுவந்தபோது டாக்ஸிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடுகூட நடந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட வழித்தடங்களின் டாக்ஸி உரிமையாளர்கள் தங்கள் வண்டிகளை எடுத்துவிட்டு, பஸ்ஸை ஓட்டும் நிறுவனத்திலேயே பங்குதாரர்கள் ஆனார்கள். 2011-ல் அந்த நிறுவனம் சேவையைப் பொறுப்பேற்றது. எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். நகராட்சிக்குச் செலவு கூடியது. பங்கு கிடைத்தது உரிமையாளர்களுக்கு. வண்டி ஓட்டியவர்களுக்குக் கிடைத்தது வேலை. ஆனாலும் யாருடைய பிழைப்பை ஒரு திட்டம் தொடுகிறதோ அவர்களைத் திட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்று அது காட்டியது.

வேறு ஊர் எதற்கு, நாம் படிக்கிற பாடத்திலேயே இருக்கிறது. டொயோட்டா உற்பத்தி முறை என்று தேர்வுக்குப் பத்து மார்க் கேள்வி படித்தோமே, நினைவிருக்கிறதா? குறை தெரிந்தால் வரிசையில் நிற்கிற எந்தத் தொழிலாளியும் கயிறை இழுத்து உற்பத்தியை நிறுத்தச் சொல்லலாம். தொழிற்சாலைக்கு இது நல்ல பொறியியல் என்று எழுதி மார்க் வாங்குகிறோம். அதே கயிறு பஸ் டிப்போவில் ஏன் இல்லை?

"ஆனா ப்ரோ…"

இதை வகுப்பில் பேசியபோது நண்பர்கள் மூன்று எதிர்க்கேள்வி கேட்டார்கள். மூன்றும் நல்ல கேள்விகள்.

முதலாவது: "யூனியன் எல்லாம் கட்சி சார்ந்தது. உள்ளே விட்டால் அரசியல்தான் நடக்கும்." நம் ஊர் தொழிற்சங்கங்கள் கட்சி சார்ந்தவை, உண்மை. அதனால்தான் சங்கத் தலைவர்களோடு நிறுத்தாமல், டிப்போ மட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிற ஆட்கள் வேண்டும் என்கிறேன். ஒப்பந்த டிரைவர், பெண் கண்டக்டர் உட்பட. சம்பளம், போனஸ் பேச்சுக்குச் சங்கம். வழித்தடம், நேரம், நிறுத்தம் பற்றிய பேச்சுக்கு இந்தக் குழு.

இரண்டாவது: "அவங்க தங்களுக்கு வசதியானதைத்தான் சொல்வாங்க." சொல்வார்கள். எல்லோரும் அப்படித்தான். ஒப்பந்தக்காரர், ஆலோசனை நிறுவனம், கடைக்காரர், கார் வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. அவர்கள் குரல் திட்டத்தில் ஏதோ வழியில் கேட்கத்தான் செய்கிறது. டிரைவர் சொல்வதை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. தரவோடு சரிபாருங்கள். தரவையும் அவரோடு சரிபாருங்கள். எங்கள் புராஜெக்ட்டில் தப்பாகப் போனது தரவு இல்லை. அதற்கு நாங்கள் வைத்த பெயர்.

மூன்றாவது: "இப்பவே பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் நாலு பேரைக் கேட்டா இன்னும் லேட் ஆகும்." ஒரு ஸ்டேஷன் வாசலை இடித்துக் கட்ட ஆகும் நேரத்தோடு, இரண்டு டிரைவர்களை அழைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி நடக்க ஆகும் ஒரு மதியத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

பொதுவாக "பங்கேற்பு வேண்டும்" என்று முடித்தால் அது பேச்சுப்போட்டி ஆகிவிடும். நான் கேட்பது ஐந்து விஷயம்.

ஒன்று, கும்டா போன்ற அமைப்பில் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்று சட்டத்திலேயே இடம். பஸ், ரயில், ஆட்டோ மூன்றிலிருந்தும். விருந்தினராக இல்லை, ஓட்டுரிமையோடு.

இரண்டு, ஒவ்வொரு டிப்போவிலும் மாதம் ஒருமுறை வழித்தடக் குழுக் கூட்டம். பக்கத்து ரயில் நிலைய ஊழியரும் ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்களும் அதில் உட்கார வேண்டும். முக்கியமாக, அந்த நேரம் டூட்டி நேரமாகக் கணக்கில் வர வேண்டும். எட்டு மணி நேரம் நெரிசலில் ஓட்டியவரை "சேவை மனப்பான்மையோடு வாங்க" என்று கூப்பிடக் கூடாது.

மூன்று, புதிய ஸ்டேஷன், முனையம், மேம்பாலம் எதுவானாலும் டெண்டருக்கு முன்னால் அந்த இடத்தில் வண்டி ஓட்டுகிறவர்களோடு ஒரு நடை. அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவாக வேண்டும்.

நான்கு, டிக்கெட் மெஷினில் ஒரு பொத்தான். வண்டி நின்றால் ஏன் என்று கண்டக்டர் ஒரு தட்டில் சொல்ல: ரயிலுக்குக் காத்திருப்பு, வெள்ளம், இடமில்லாமல் ஆள் விட்டது. தாமதத்துக்குத் தண்டனை தர அல்ல, அட்டவணையைத் திருத்த.

ஐந்து, பதில். சொன்ன யோசனை ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று டிப்போ பலகையில் ஒட்ட வேண்டும். பதில் வராத இடத்தில் இரண்டாவது முறை யாரும் பேச மாட்டார்கள். நம் கல்லூரி கருத்துப்பெட்டி நமக்குத் தெரியாததா?

இது ஏதோ புதுப் புரட்சி என்று நினைக்க வேண்டாம். தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர்கள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 43-ஏ பிரிவு. 42-ஆவது திருத்தத்தில், 1976-ல் சேர்த்தது. நெறிமுறைப் பிரிவு என்பதால் நீதிமன்றம் போய் வாங்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

அதே 1976-ல் இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமானப் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் ஆட்குறைப்பு வரப்போகிறது என்றானதும், அங்குள்ள இன்ஜினியர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு மாற்றுத் திட்டம் எழுதினார்கள். "எங்கள் திறமையை வைத்து சமூகத்துக்கு இதெல்லாம் செய்யலாம்" என்று ஏறக்குறைய 150 பொருட்கள். அதில் ஒன்று, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய பேருந்து. மாதிரி வண்டியும் செய்து காட்டினார்கள். நிர்வாகம் ஏற்கவில்லை. அதில் முன்னணியில் இருந்த மைக் கூலி என்ற வடிவமைப்புப் பொறியாளர் 1981-ல் வேலையை இழந்தார். கணினி வந்தால் தொழிலாளியின் கைத்திறனை ஓரங்கட்டாமல் அதைக் கூட்டுகிற மாதிரி வடிவமைக்க வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார். இன்ஜினியரும் தொழிலாளியும் மேசைக்கு ஒரே பக்கம் உட்கார்ந்ததற்கு அது ஒரு சாட்சி.

நாம் எந்தப் பக்கம் உட்காரப் போகிறோம்? இன்னும் இரண்டு வருஷத்தில் உங்களில் யாரோ ஒருவர் அந்த அட்டவணையைப் போடும் மென்பொருளை எழுதுவீர்கள். யாரோ ஒருவர் ஸ்டேஷன் வாசலை வரைவீர்கள். யாரோ ஒருவர் அந்த ஒப்பந்தத்தின் அபராத வரியைத் தட்டச்சு செய்வீர்கள். அதற்கு முன்னால், இந்த வருஷ புராஜெக்ட்டிலேயே ஆரம்பிக்கலாம். போக்குவரத்து சம்பந்தமாக எது எடுத்தாலும், கோடு எழுதும் முன் டிப்போ வாசல் டீக்கடையில் ஒரு வாரம் உட்காருங்கள். கேட்ட பெயர்களை வெளியே சொல்லாதீர்கள், கேட்டதை மட்டும் எழுதுங்கள். முடித்ததும் திரும்பிப் போய் அவர்களிடமே காட்டுங்கள்.

நாங்கள் காட்டினோம். "காரணமில்லாத தாமதம்" என்ற வரியை அடித்துவிட்டு, "ரயில் இணைப்புக் காத்திருப்பு, அட்டவணையில் சேர்க்கப் பரிந்துரை" என்று மாற்றியிருந்தோம். போனில் அந்தப் பக்கத்தைக் கண்டக்டர் அண்ணாவிடம் நீட்டினோம். கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகப் படித்தார். சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"நல்லா இருக்கு தம்பி. இத யாருகிட்ட குடுப்பீங்க?"

"ஹெச்.ஓ.டி. கிட்ட" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போனார். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.